அக்கா கொடுத்த கோணப் பலகை

ஆடி மாசத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டையில் எங்கள் வாசலில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. பழைய போர்வையில் சுற்றிய பெரிய சதுரம் ஒன்றை வண்டிக்காரர் இறக்கிச் சுவரில் சாய்த்தார். பின்னாலேயே ஸ்கூட்டரில் அக்காவும் மாமாவும் வந்தார்கள். எனக்கு நாற்பத்தைந்து முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"இன்னாடா பாக்குற? உன் பர்த்டேக்குத்தான். பிரி" என்றாள் அக்கா.

பிரித்தேன். கேரம் போர்டு. ஒரு மூலை பிளை விட்டு, அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஃபிரேமில் இரண்டு முனைகள் வாய் திறந்திருந்தன. நாலு பாக்கெட்டில் ஒன்றில்கூட வலை இல்லை, காயினும் இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இத்த வச்சு வெந்நீர் போடலாமே" என்றாள். அக்கா சிரிக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் எனக்கு யாரும் சட்டை எடுத்துத் தருவதில்லை. எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இது கொஞ்சம் விசித்திரம்தான். கல்யாணத்துக்கு மோதிரம் வருமென்று அம்மா காத்திருந்தபோது, பின்னி மில்லில் ஃபிட்டராக இருந்த என் மாமனார் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் நாலு அங்குல வைஸ் ஒன்றை மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா ஒரு வருஷம் அதைச் சொல்லிக் காட்டினாள். பெரியம்மா கொடுத்தது காத்து ஏறாத பம்ப் ஸ்டவ். போன வருஷம் மனைவி நகைப் பெட்டியில் வைத்து நீட்டினாள். திறந்தால் உள்ளே ஃபீலர் கேஜ், இடுக்குகளின் அளவு பார்க்கும் மெல்லிய தகடுகளின் கொத்து. எப்போதோ ராத்திரி நான் முனகியதைக் கேட்டு ஞாபகம் வைத்திருக்கிறாள். ஆகையால் கோணிப்போன கேரம் போர்டு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அக்கா கொடுத்ததுதான் ஆச்சரியம். அவள் எப்போதும் கவரில் 501 ரூபாய் வைப்பவள்.

போர்டு எங்கே கிடைத்தது என்று மாமாதான் சொன்னார். அவர்கள் தெருமுனை மன்றத்துடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்கு மன்றத்தில் முழங்கால் தண்ணீர். போர்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் ஒரு மூலை மட்டும் தண்ணீரிலேயே நின்றிருக்கிறது. பிறகு கட்டிடம் கைமாறியது, மன்றத்தைக் காலி செய்தார்கள். காயலான் கடைக்குப் போக இருந்ததை அக்கா நூறு ரூபாய் கொடுத்து மடக்கியிருக்கிறாள்.

முதலில் நோய் என்ன என்று பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகையை மூலைக்கு மூலை வைத்து, இடையில் ஃபீலர் கேஜைச் சொருகிப் பார்த்தேன். தகடுகளை அடுக்கடுக்காகச் சேர்த்தும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் ஸ்கேல் வைத்ததில், நடுவில் நாலு மில்லிமீட்டர் பள்ளம். காயின் போட்டால் எல்லாமே நடுவட்டத்தைத் தேடி ஓடும். மூலைவிட்டங்களும் சமமாக இல்லை: ஒன்று 104.9 செ.மீ., மற்றது 104.3. ஆடுதளம் 74 செ.மீ. சதுரமாக இருந்தால் இரண்டுமே 104.65 வர வேண்டும். ஃபிரேம் சாய்சதுரமாக நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளம் ஏன் விழுந்தது என்பது முக்கியம், ஏனென்றால் நான் செய்த முதல் தப்பு அதில்தான். கேரம் போர்டின் மேல்பக்கத்தை இழைத்து, பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி வைப்பார்கள். அடிப்பக்கத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அது பூச்சில்லாத வெறும் மரமாகவே கிடக்கும். காசிமேட்டுக் காற்றில் வருஷம் பூராவும் ஈரம். அந்த ஈரத்தை அடிப்பக்கம் மட்டும் குடிக்கும், குடித்த பக்கம் உப்பும், உப்பிய பக்கம் வெளியே வளையும். மேலிருந்து பார்த்தால் தட்டு மாதிரி குழி.

அப்படியானால் அடிப்பக்கத்தைக் காயவைத்தால் போதுமே என்று மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போர்டைக் குப்புறப் போட்டேன். மூணு மணிக்குப் பார்த்தால் மட்டமாகிவிட்டது. சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். ஐந்து மணிக்கு நடுவில் இரண்டு மில்லி மேடு, கேரம் போர்டு ஆமை முதுகாகியிருந்தது. பதறிப்போய்க் கீழே கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் காலை மறுபடி மூணு மில்லி பள்ளம். வெயில் போட்ட கணக்கை ராத்திரிக் காத்து அழித்துவிட்டது. பிளைவுட்டை வெயிலில் போடாதீர்கள். ஹாலில் நாலு ரீப்பர் கட்டை மேல் மட்டமாக வைத்து, ஃபேனுக்குக் கீழே, இரண்டு பக்கமும் காத்து போகிற மாதிரி விட வேண்டும். மேலே 25 கிலோ அரிசி மூட்டை. இரண்டு வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தோம். அரிசி எடுக்கும்போதெல்லாம் என் மனைவி, "பர்த்டே பேபிக்கு வெயிட்டு கொறையுது, பாத்துக்கோ" என்பாள்.

பிரிப்பதில் சொல்ல அதிகமில்லை, ஸ்க்ரூவைத் தவிர. அடியிலிருந்து ஃபிரேமைப் பிடித்திருந்த பதினாறு ஸ்க்ரூவும் துரு ஏறி மரத்தோடு மரமாகியிருந்தன. முதல் நாள் ராத்திரியே ஒவ்வொன்றின் தலையிலும் ரெண்டு சொட்டு டீசல் விட்டேன். காலையில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, தலையில் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். சூட்டில் இரும்பு விரிந்து, ஆறும்போது துருவின் பிடி விடும். உடனே திருப்புளி போட்டுத் திருப்பினால் 'கிர்க்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். பதினைந்து வந்தன. ஒன்று தலை உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதை அப்படியே புதைத்துவிட்டுப் பக்கத்தில் புது ஓட்டை போட்டேன்.

உப்பிய மூலைக்கு ஊசி வைத்தியம். மருந்துக் கடையில் பத்து மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஃபெவிகால் மரைனில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பிரிந்த அடுக்குகளுக்கு இடையே ஏற்றினேன். வெறும் மேல்பூச்சாகத் தடவினால் பிரயோஜனமில்லை. உள்ளே ஆழத்தில் போய்ச் சேர வேண்டும். மேலும் கீழும் பால் கவர், அதற்கு மேல் தட்டையான கட்டை, ரெண்டு சி கிளாம்ப், ஒரு நாள் முழுக்க. இந்த பிளைவுட் எந்தத் தரம் என்று முத்திரை ஏதுமில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் இப்படி அடுக்கடுக்காக விட்டதைப் பார்த்தால் சாதாரண யூரியா பசைதான். கொதிநீரிலும் விடாத பீனால் பசை போட்ட மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, இவ்வளவு சீக்கிரம் வாய் பிளக்காது. புதுசாகச் செய்ய நினைப்பவர்கள் அதைப் பார்த்து வாங்கலாம்.

ஃபிரேம் கருவேலம். ஆணி இறங்காத மரம். மூலைகளில் பழைய பசையை உளியால் சுரண்டி, மறுபடி ஒட்டி, சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். கட்டிய கையோடு மூலைவிட்டங்களை அளந்து, நீளமான பக்கத்து மூலையில் ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி இரண்டையும் 104.6க்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் போராட எனக்குத் தெம்பில்லை.

பலகை மறுபடி வளையாமல் இருக்க அடியில் முதுகெலும்பு வேண்டும். முக்கால் அங்குல அலுமினியச் சதுரக் குழாய் இரண்டு, குறுக்கே. குழாயில் போட்ட ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் இழைத்துவிட்டேன். மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். ஸ்க்ரூ அந்தக் காடிக்குள் நகர்ந்து கொடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மறுபடி எங்காவது பிதுங்கும். குழாய்க்கும் பலகைக்கும் இடையில் மட்டம் சரிசெய்ய, அப்பாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டை பட்டையாக வெட்டி வைத்துக்கொண்டேன். ஒரு பட்டை மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு கனம். எங்கே பள்ளமோ அங்கே அடியில் ஒன்றோ இரண்டோ சொருகினால் பலகை மேலே எழும். கூடவே அடிப்பக்கம் முழுக்க இரண்டு கை வார்னிஷ். இந்த ஒரு வேலையைப் போர்டு செய்தவர்கள் அன்றைக்கே செய்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

மேல்பக்கத்தைத் தேய்க்க மெஷின் கூடாது. பிளைவுட்டின் மேல் அடுக்கு ஒரு மில்லிகூட இருக்காது. மெஷின் ஒரு மூச்சு அதிகம் விட்டால் அடுத்த அடுக்கின் குறுக்கு ரேகை வெளியே வந்துவிடும். கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, ரேகைப் போக்கிலேயே, முதலில் 180, பிறகு 320, பிறகு 600. வருஷக்கணக்கான பவுடரும் வியர்வையும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு வந்தது. ரெட் வைக்கும் நடுவட்டத்தைச் சுற்றி மட்டும் கறுப்பாக, விரலெல்லாம் பட்டுப் பட்டு, மரமே நிறம் மாறியிருந்தது. அது போகவில்லை. போக வேண்டாமென்று நானும் விட்டுவிட்டேன்.

தேய்த்ததில் கோடுகள் எல்லாம் அழிந்தன. அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது.

கோடுகளுக்கு அளவுகள் உண்டு. ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் பேஸ் லைன் 47 செ.மீ. நீளம். இரண்டு கோடுகளுக்கு நடுவே 3.18 செ.மீ. இரு முனையிலும் அதே 3.18 விட்டத்தில் வட்டம், அதற்குள் 2.54 செ.மீ.க்குச் சிவப்பு. நடுவில் ரெட்டுக்கு 3.18, வெளிவட்டம் 17 செ.மீ. வெறும் மரத்தில் நேராக மை வைத்தால் ரேகைக்குள் கசிந்து பூரான் கால் மாதிரி பரவும். அதனால் முதலில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு கை அடித்து, காயவைத்து, அதன் மேல் பென்சிலில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். வேலை எவ்வளவு தூரம் என்று பார்க்க வாரா வாரம் வருகிறாள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. 501 ரூபாய் வைத்த வருஷங்களில் அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நின்று பார்த்துவிட்டு, "ஆரோ தப்பு" என்றாள்.

"எது?"

"அம்புக்குறிடா. வட்டத்த தொடுது பாரு. ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல பூந்து போவணும், எதுலயும் படக் கூடாது. பாக்கெட்டுல இருந்து ரெண்டு அங்குலம் தள்ளி நிக்கணும்."

அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. விதிப்படி பாக்கெட்டிலிருந்து ஐந்து செ.மீ.; இரண்டு அங்குலம் என்பது கிட்டத்தட்ட அதுதான். "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பழைய வூட்டுத் தரையில யாரு போட்டா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் சின்ன வயதில் இருந்த ஒண்டிக்குடித்தனத்தில், சிமென்ட் தரையில் கரித்துண்டால் ஒரு கேரம் போர்டு இருந்தது. அம்மா துடைப்பாள், மறுநாள் மறுபடி முளைக்கும். காயினுக்கு சோடா மூடி. அது நான் விளையாடத்தான் என்று நான் நினைத்திருந்தேன். போட்டது அவள். தெருமுனை மன்றத்தில் தகர மூடி போட்ட பல்புக்குக் கீழே அண்ணன்மார்கள் ஆடுவதைக் கைப்பம்பில் தண்ணீர் அடிக்கும் சாக்கில் நின்று பார்த்து, கோடு கோடாக மனசில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டிருக்கிறாள். ஒரு குடம் நிரம்ப ஏன் அவ்வளவு நேரம் என்று அம்மா திட்டுவாள். மன்றத்துக்குள் நான் எட்டு வயதிலேயே போனேன், பவுடர் டப்பா எடுத்துக் கொடுக்கிற எடுபிடியாக. அவள் கடைசிவரை போகவில்லை. பொம்பளைப் பிள்ளை மன்றத்துக்கு வருமா என்று அவளுக்கு யாரும் சொல்லவும் தேவையிருக்கவில்லை.

மரிய இருதயம் கேரமில் உலக சாம்பியன் ஆனது, 1996இல் அர்ஜுனா விருது வாங்கியது எல்லாம் மன்றத்துச் சுவரில் பேப்பர் கட்டிங்காக இருந்தது எனக்குத் தெரியும். வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனபோது அக்காவுக்குக் கைக்குழந்தை. 2024 நவம்பரில் நம் பக்கத்துப் பெண் காசிமா அமெரிக்காவில் மூணு தங்கம் வாங்கி வந்த அன்று, அக்கா போனில் அழைத்து அரைமணி நேரம் அதையே பேசினாள். ஊருக்கே சந்தோஷம், இவளுக்கும் சந்தோஷம் என்று நினைத்து வைத்துவிட்டேன். அந்தப் போனுக்கும் இந்த மீன்பாடி வண்டிக்கும் நடுவில் ஒரு கோடு ஓடுவது கையில் பென்சிலோடு நிற்கும்போதுதான் தெரிந்தது. என் பிறந்தநாளுக்கு அவள் அவளுக்கே ஒரு போர்டு வாங்கியிருக்கிறாள். நன்றாகத்தான் யோசித்திருக்கிறாள். கடையில் புதுசு வாங்கினால், 'இந்த வயசுல உனக்கு எதுக்கு?' என்று வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். உடைந்ததை என்னிடம் தள்ளினால் யார் கேட்பார்?

நான் எதுவும் சொல்லவில்லை. பென்சிலை அவளிடம் கொடுத்தேன். மற்ற மூன்று அம்புக்குறிகளும் அவள் போட்டவை. என்னுடையதைவிட நேர்.

அடுத்தது பாலிஷ். பேஸ் லைனுக்கு வரைபடப் பேனாவில் கறுப்பு மை, வட்டங்களுக்குச் சிவப்பு. காய்ந்ததும் மேலே என்.சி. லாக்கர், தின்னர் கலந்து அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ். இங்கே இரண்டாவது தப்பு. ஐப்பசி பிறந்து, வானம் மூட்டம் போட்ட ஒரு சாயங்காலம் அவசரப்பட்டு அடித்தேன். பத்தே நிமிஷத்தில் பலகை முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெள்ளையடித்துவிட்டது. தெரிந்த ஆசாரிக்கு போட்டோ அனுப்பினேன். "பூத்துப் போச்சு தம்பி. தொடாத, அப்படியே வுடு" என்று பதில் வந்தது. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிரில் காத்தில் இருக்கும் ஈரம் வியர்த்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது மாதிரிதான். மருந்து: மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கொஞ்சம் கலந்து, வெயில் அடிக்கும் நாளில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ரெண்டுக்குள் மேலே ஒரு மெல்லிய கை. பழைய பூச்சு இளகி, ஈரம் வெளியேறி, வெள்ளை மறையும். அப்படி ஒரு வெயில் நாளுக்கு ஒன்பது நாள் காத்திருந்தேன். மறைந்தது. மொத்தம் நாலு கை, நடுநடுவே 600ஆம் நம்பர் தாளில் லேசான தேய்ப்பு.

நான் கேட்காமலே வந்த இரண்டு சாமான்களைச் சொல்ல வேண்டும். பாக்கெட் வலை நாலும் மாமா பின்னியது. காசிமேடு ஹார்பரில் வலை வேலைதான் அவருக்கு. கடையில் விற்கும் நூல் வலை ஆறு மாசத்தில் அறுந்துவிடும் என்று நைலான் நூலில், வலை ஊசியாலேயே, சின்னக் கண்ணியாகப் பின்னிக் கொடுத்தார். "இதுல நெத்திலி கூட தப்பாது" என்றார். காயின் செட்டும் ஸ்ட்ரைக்கரும் அக்கா மகள் பெரியமேட்டில் வாங்கி வந்தாள். வீட்டில் நகை எடை பார்க்கும் தராசில் ஸ்ட்ரைக்கரை வைத்தேன்: 14.6 கிராம். பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. போரிக் பவுடர் நானே நைனியப்ப நாயக்கன் தெருவில் வாங்கினேன். அரைக்கிலோ வாங்கிவிட்டேன், பேரன் காலம் வரை வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை உயரத்தில் வைக்க வேண்டும், வாயில் போடுகிற சாமான் இல்லை.

சோதனை எளிது. ஸ்ட்ரைக்கரைப் பேஸ் லைனில் வைத்து முழு பலத்தோடு நேராக அடித்தால், எதிர் ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்குமாக மூணரை தடவையாவது ஓட வேண்டும். முதல் நாள் ரெண்டரைதான் ஓடியது. பழைய வேட்டித் துணியில் பவுடரைக் கட்டி, மூணு ராத்திரி வட்ட வட்டமாகத் தேய்த்தேன். நாலாம் நாள் மூணரை ஓடி, மேலே ஒரு ஜாண் நகர்ந்து நின்றது. மொத்தச் செலவு 1,900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், லாக்கரும் ரிடார்டரும்தான் அதில் பாதி. என் கூலியைச் சேர்த்தால் இது உலகத்திலேயே விலை கூடின கேரம் போர்டாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் சொருகி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைவிரலை ஒரு தடவை கீழே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். முதல் போர்டு நான் ஜெயித்தேன். அவள் விரலுக்குப் பழக்கம் வரவில்லை, ரெண்டு ஃபைன் கொடுத்தாள். இரண்டாவது போர்டில் ஒரு டபுள் போட்டாள் பாருங்கள், எதிர்ப்பக்கம் இடித்துத் திரும்பிவந்து என் காயினுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாக்கெட்டில் விட்டது. ரெட்டையும் எடுத்தாள், ஃபாலோவும் போட்டாள். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். அக்கா மகள், "ம்மா, நீ எப்போ கத்துக்கின?" என்று மூணு தடவை கேட்டாள். பதிலில்லை.

மூணாவது போர்டு நடுவில் அக்கா நிறுத்தினாள். ஒரு காயினை என் இடதுகைப் பக்கத்து மூலைக்குப் பக்கத்தில் வைத்து, சுண்டுவிரலால் லேசாகத் தள்ளினாள். அது நேராகப் போகாமல் ஒரு நூலிழை உள்ளே வளைந்தது.

"இங்க இழுக்குது."

"இல்லக்கா, நான் எல்லா இடமும் பாத்தேன்."

"பாரு."

மட்டப்பலகை வைத்தேன். மனைவி கொடுத்த ஃபீலர் கேஜைச் சொருகினேன். 0.20 தகடு தாராளமாகப் போனது, 0.40 கொஞ்சம் உரசிக்கொண்டு போனது. தண்ணீர் குடித்த அதே மூலை.

"பிரிச்சு சரி பண்ணி வை. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ராத்திரி போர்டைக் குப்புறக் கவிழ்த்தேன். எக்ஸ்ரே ஃபிலிமில் அப்பாவின் விலா எலும்பு தெரிகிற பக்கமாக இரண்டு பட்டை வெட்டி, அந்த மூலைக்கு மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்த ஆரம்பித்தேன்.